சத்தமில்லாத கம்ப்ரஸர் முதலில் யாருக்கு வந்தது?

தச்சு வேலைக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும் அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது. நெயில் கன் அடிக்கும்போது காற்று பற்றாமல் நடுவில் நின்று தொலைக்கக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். ஏதாவது இரண்டைக் கேளுங்கள், தருகிறேன் என்கிறார்.

ஏன் இரண்டுதான்? பி.காம் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி முதலில் விலை சம்பந்தப்பட்டதாகத்தான் தோன்றியது. பணம் கூடக் கொடுத்தால் மூன்றும் கிடைக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அது பழைய கதையாக விரிந்தது. காற்றை அமுக்கி வேலை வாங்கக் கற்றுக்கொண்டு 150 வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதைச் சத்தமில்லாமல் செய்யவும் பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆனால் அந்த அமைதி தச்சர் கைக்கு வர மட்டும் ஏன் இத்தனை நாள் ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகமான சில கணக்குகளும் போகிற போக்கில் வரும்.

துருத்தியிலிருந்து ஆரம்பித்தால் கட்டுரை முடியாது, அதனால் ஒரே தாவாகத் தாவிவிடுகிறேன். கொல்லன் பட்டறைத் துருத்தி தருவது காற்றோட்டம். அழுத்தம் அதில் மிகக் குறைவு. 1760-களில் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பு ஆலைக்கு ஜான் ஸ்மீட்டன் தோல் துருத்திக்குப் பதிலாக வார்ப்பிரும்பு சிலிண்டரில் பிஸ்டன் ஓடும் ஊதுகருவியை அமைத்தார். 1776-ல் ஜான் வில்கின்சன் தன் உலைக்குக் காற்று ஊத ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினையே மாட்டினார். சிலிண்டர், பிஸ்டன், வால்வு. இன்று தச்சர் தூக்கிப் போகும் பெட்டிக்குள் இருப்பதும் இதே மூன்றுதான். ஆனால் அப்போதும் அது உலைக்கு மூச்சு கொடுக்கிற வேலையை மட்டும்தான் செய்தது. காற்றைக் குழாயில் அனுப்பி, தூரத்தில் இருக்கும் ஒரு கருவியை ஓட்டலாம் என்பதைப் பெரிய அளவில் நிரூபித்தது ஒரு மலை.

ஆல்ப்ஸ் மலையில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவே மோன் செனி சுரங்கப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஃப்ரெஜு சுரங்கம் என்றும் சொல்வார்கள். தோண்டிய காலத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம். 1857-ல் தோண்ட ஆரம்பித்தபோது இரண்டு முனைகளுமே சார்டீனியா ராஜ்ஜியத்தில்தான் இருந்தன. 1860-ல் சவாய் பகுதி பிரான்சுக்குப் போய்விட்டதால் வேலை பாதியில் இருக்கும்போதே அது இரண்டு நாடுகளுக்கு இடையிலான சுரங்கமாகிவிட்டது. தோண்டுகிறவனுக்கு என்ன, பாறை அதே பாறைதான்.

கையால் உளியடித்துத் துளை போட்டு வெடிமருந்து வைத்தால் 25 வருடங்கள் போல ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நீராவி எஞ்சினை உள்ளே கொண்டுபோக முடியாது. புகையில் எல்லோரும் மூச்சுமுட்டிச் செத்துப் போவார்கள். மலை மிக உயரம் என்பதால் நடுவில் காற்றுக்குக் கிணறு வெட்டவும் வழியில்லை. பொறியாளர் ஜெர்மான் சொமெய்யே என்ன செய்தார் என்றால், மலையிலிருந்து விழும் தண்ணீரின் சக்தியால் சுரங்கத்துக்கு வெளியே காற்றை அமுக்கினார். அந்தக் காற்றைக் குழாயில் உள்ளே அனுப்பி, துளைபோடும் இயந்திரத்தை ஓட்டினார். 1861 ஜனவரியில் இத்தாலிப் பக்கத்தில் பார்தொனெக்கியா முனையில் இயந்திரம் வேலையைத் தொடங்கியது. வேலை முடித்து வெளியேறுகிற காற்றே உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுக்காற்றும் ஆனது. ஒரே செலவில் இரண்டு வேலை. எங்கள் காஸ்டிங் பாடத்தில் இதைக் கூட்டுப் பொருள் கணக்கில் சேர்க்கலாம் :-)

25 வருடம் என்றது 13 வருடத்தில் முடிந்தது. 1870 டிசம்பரில் இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்தவர்கள் மலைக்குள் சந்தித்தார்கள். 1871 செப்டம்பரில் பாதை திறந்தது. அதைப் பார்க்க சொமெய்யே இல்லை, அதே ஜூலையில் இறந்துபோனார்.

இங்கே ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் மலைக்கு வெளியே, கருவி மலைக்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவே நீளமான குழாய். கம்ப்ரஸர் எத்தனை பெரியதாக இருந்தாலும், எத்தனை இரைச்சல் போட்டாலும், அதைக் கருவி பிடித்தவன் தூக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

ஆனால் கருவியின் சத்தமும் தூசியும் அவன் தலையில்தான். அமெரிக்காவில் காற்றால் ஓடும் பாறைத் துளைப்பான்கள் சுரங்கங்களுக்கு வந்தபோது, உலர்ந்த பாறைப் பொடியைச் சுவாசித்துத் தொழிலாளிகள் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'. காதின் கதையும் பழசு. 1886-ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் நூறு பாய்லர் தொழிலாளிகளைச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க இரும்பு வார்ப்பவர்களையும் தபால்காரர்களையும் சோதித்தார். பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூட முழுமையான செவித்திறன் இல்லை. இது காற்றுச் சுத்தியல் வருவதற்கு முன்பு, கைச் சுத்தியலால் வந்த செவிட்டுத்தனம். 1890-களில் காற்றுச் சுத்தியல் பரவியதும் அடி இன்னும் வேகமானது. 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இந்தியானா மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களிடம் போய், காற்றுச் சுத்தியல் பிடித்துப் பிடித்து விரல்கள் வெளுத்து மரத்துப் போவதைப் பதிவு செய்தார். அதாவது கேடு இருப்பது தெரியாமல் யாரும் இல்லை. எழுதி வைத்திருந்தார்கள்.

இனி பாரிஸுக்குப் போவோம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த விக்டர் பாப் என்ற பொறியாளர் 1880 வாக்கில் பாரிஸ் தெருக்களில் காற்றுக் கடிகாரங்களை ஓடவிட்டார். ஒரு மையத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயில் ஒரு காற்றுத் துடிப்பு போகும், ஊரில் உள்ள கடிகாரங்கள் எல்லாம் ஒரு நிமிடம் நகரும். கேட்க விளையாட்டாக இருக்கிறது. ஆனால் குழாய் பதித்தாகிவிட்டதே, அதில் இன்னும் கொஞ்சம் அழுத்தமான காற்றை அனுப்பினால் என்ன என்ற யோசனை வந்தது. சில வருடங்களில் பாரிஸின் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் அமுக்கிய காற்று தண்ணீர்க் குழாய் போல வந்து சேர்ந்தது. கடைசல் இயந்திரம், அச்சு இயந்திரம், தையல் மெஷின், மதுக்கடையில் பீர் ஏற்றும் பம்ப் என்று எதையும் அதில் ஓட்டலாம். எவ்வளவு காற்று எடுத்தோமோ அவ்வளவுக்குக் காசு. (பாரிஸில் கடிதங்களைக் குழாயில் காற்றால் தள்ளி அனுப்பிய தபால் முறையும் இருந்தது. அது வேறு குழாய், வேறு கதை. 1984-ல் நின்றது.) மின்சாரம் வந்த பிறகு இதெல்லாம் உடனே செத்திருக்கும் என்றுதான் நினைப்போம். இல்லை. பாரிஸின் அமுக்கிய காற்று விநியோகம் 1994 வரை ஓடியது. நூறு வருடத்துக்கும் மேல்.

வணிகம் படிப்பவன் கண்ணில் இது எப்படித் தெரிகிறது என்றால், பட்டறைக்காரர் கம்ப்ரஸர் என்ற மூலதனச் செலவைச் செய்யவில்லை. காற்றைச் சேவையாக வாங்கினார். ஆனால் அவருக்கு இலவசமாகக் கிடைத்த இன்னொன்று ரசீதில் இல்லை: அமைதி. பிஸ்டன்கள் எல்லாம் ஊரின் ஒரு மூலையில் சான் ஃபார்ஜோ தெரு நிலையத்தில் இரைந்துகொண்டிருந்தன. பட்டறைக்குள் வந்தது காற்று மட்டும். இன்று நாம் தேடும் 'சத்தமில்லாத கம்ப்ரஸர்' அந்தப் பாரிஸ் தச்சருக்கு 1880-களிலேயே கிடைத்துவிட்டது, ஏனென்றால் அவரிடம் கம்ப்ரஸரே இல்லை.

சத்தம் கருவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, கம்ப்ரஸருக்குச் சக்கரம் முளைத்த பிறகு. முதலில் நீராவி, பிறகு பெட்ரோல், டீசல் எஞ்சினோடு கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றித் தெருவுக்கே இழுத்து வந்தார்கள். சாலையை உடைக்கும் சத்தம் நகரத்துக் காதுகளுக்குப் பழக்கமானது. பழகிய காதுகள் ஒரு கட்டத்தில் புகார் செய்ய ஆரம்பித்தன. அமெரிக்காவில் 1972-ல் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1976-ல் வெளியிட்ட விதி நேரடியாக நம் ஆளைப் பற்றியது: இடம் பெயர்க்கக்கூடிய காற்று கம்ப்ரஸர். 7 மீட்டர் தூரத்தில் சராசரியாக 76 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது.

நல்ல விஷயம்தானே என்று கைதட்டுவதற்கு முன் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஒன்று, 7 மீட்டர். கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி 7 மீட்டர் தூரத்தில் நிற்பதில்லை. நடைபாதையில் போகிறவர், எதிர்வீட்டு ஜன்னலுக்குள் இருப்பவர், இவர்கள்தான் அந்தத் தூரத்தில் இருக்கிறார்கள். விதி வந்தது பொதுமக்களுக்காக. இரண்டு, இந்த விதி நிமிடத்துக்கு 75 கன அடி அல்லது அதற்கு மேல் காற்று தரும் இயந்திரங்களுக்கு மட்டும். தச்சர் உபயோகிப்பது 2, 3 கன அடி தரும் குட்டி. கிட்டவே வராது. அதை அறைக்குள் வைத்து ஓட்டுகிறவர் எந்தக் கணக்கிலும் இல்லை. 1981, 82-ல் அந்த முகமையின் இரைச்சல் பிரிவுக்கே பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அந்தப் பட்டியல் அதற்குமேல் வளரவும் இல்லை.

ஐரோப்பா 2000-ஆம் ஆண்டில் போட்ட உத்தரவு இன்னும் பரவாயில்லை. திறந்த வெளியில் பயன்படும் கம்ப்ரஸர்களில் சின்னவற்றையும் அது விடவில்லை. ஒலித்திறன் எவ்வளவு என்று இயந்திரத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். 15 கிலோவாட் வரைக்குமான கம்ப்ரஸருக்கு வரம்பு 97. அந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவு, நம் காதுக்கு வந்து சேரும் அளவு அல்ல. திறந்த வெளியில் கெட்டியான தரைமேல் வைத்தால் அதே 97, 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஏறத்தாழ 77 ஆகிவிடும். ஒரே இயந்திரத்துக்கு ஒரு தாளில் 97, இன்னொரு தாளில் 77 என்று இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எந்தத் தூரத்தில் அளந்தது என்று எழுதாத டெசிபலை நம்பாதீர்கள். எத்தனை மாதத்துக்கு என்று சொல்லாத வட்டிக் கணக்கு மாதிரி அது.

சரி, தச்சருக்கு கம்ப்ரஸர் எப்போது தேவைப்பட்டது? சுத்தியல் இருந்தவரை தேவையே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் வீடு கட்டும் வெறி பிடித்தது. நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற ஒரே குடியிருப்பில் 1947 முதல் சில வருடங்களில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே வீடு என்றால் மரச்சட்டம், மரத் தளம், ஆயிரக்கணக்கில் ஆணி. 1950 வாக்கில் காற்றால் ஆணி அடிக்கும் துப்பாக்கி அங்கே விற்பனைக்கு வந்தது. தளப்பலகை அடிக்கிறவர்களுக்குத்தான் முதல் லாபம். வேகம் கூடியது, ஒரு வீட்டுக்கான கூலி குறைந்தது. அதுவரை சாலைக்கும் சுரங்கத்துக்கும் செய்த பெரிய கம்ப்ரஸர் இப்போது ஒரு ஆள் தூக்கும் அளவுக்குச் சுருங்க வேண்டியிருந்தது.

சுருக்கும்போது எதைக் கழிப்பது? கனமாக இருப்பவை இரண்டு, மோட்டாரும் டேங்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிதானமாகச் சுற்றும் இண்டக்ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, வேகமானது 2,880. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் இதே எண்கள் 1,725, 3,450. நிதானமான மோட்டாருக்கு அதே சக்தியைத் தர இரும்பும் செம்பும் அதிகம் வேண்டும். கனம் கூடும், விலையும் கூடும். மிக்ஸியில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் மோட்டாரைப் போட்டால் கனம் பாதியாகக் குறையும், ஆனால் அது பல ஆயிரம் சுற்று கத்திக்கொண்டே சுற்றும். எண்ணெய் ஊற்றும் பம்பை எடுத்துவிட்டு எண்ணெய் இல்லாத பம்பை வைத்தால் இன்னும் லேசு, பராமரிப்பும் இல்லை. சின்ன பிஸ்டன், வேகமான ஓட்டம், மெல்லிய வால்வு, திறந்த உறிஞ்சுவாய். இப்படிப் பிறந்ததுதான் தோசைக்கல் மாதிரி தட்டையான டேங்கோடு வரும் 'பேன்கேக்' வகை. போர்ட்டர் கேபிள் நிறுவனத்தின் சி2002 இதற்குப் பிரபலமான உதாரணம். 6 காலன் டேங்க், 13, 14 கிலோ எடை, 90 பி.எஸ்.ஐ-யில் நிமிடத்துக்கு 2.6 கன அடி காற்று. சத்தம் 82 டெசிபல்.

ஆக லேசும் காற்றும் கிடைத்தன, காது போனது. கடைக்காரர் சொன்ன 'ஏதாவது இரண்டு' என்பது இங்கே எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவை எடுத்தவர் யாரும் அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவர் இல்லை.

அதே காலத்தில் வேறு ஒரு இடத்தில் கம்ப்ரஸர் அமைதியாக ஓட வேண்டியிருந்தது. பல் மருத்துவமனை! 1957-ல் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காற்றால் சுழலும் பல் துளைப்பானைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு சுமார் 3 லட்சம் சுற்று. அதற்கு அமுக்கிய காற்று தொடர்ந்து வேண்டும். நோயாளி வாய் திறந்து உட்கார்ந்திருக்கிறார், ஏற்கெனவே பயம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் கத்தினால் எழுந்து ஓடிவிடுவார். காற்றில் எண்ணெய் கலந்து வாய்க்குள் போகவும் கூடாது. எனவே இங்கே கழித்தது எண்ணெயையும் சத்தத்தையும்.

எண்ணெயைக் கழிக்க உதவியது 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள், நம் வீட்டு தோசைத் தவாவில் பூசியிருக்கும் டெஃப்லான். பிஸ்டன் வளையத்தை டெஃப்லான் கலந்து செய்தால் எண்ணெய் இல்லாமலே வழுக்கிக்கொண்டு ஓடும். சத்தத்தைக் கழிக்கப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நிதானமாகச் சுற்றும் மோட்டார். இரண்டு பிஸ்டன்கள், ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும்படி. காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு சைலன்சர், ஏனென்றால் சத்தத்தில் பெரும்பங்கு அந்த வாயிலிருந்துதான் வருகிறது. அடியில் ரப்பர் கால். இதில் எந்த ஒன்றையும் ஸ்மீட்டன் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பார்.

இன்று தச்சர்களுக்காக 'குவயட்', 'சைலன்ட்' என்று விற்கும் கம்ப்ரஸர்களைத் திறந்து பாருங்கள். பல் மருத்துவமனையில் இருக்கும் அதே இரட்டைப் பிஸ்டன், எண்ணெய் இல்லாத பம்ப்தான் உள்ளே இருக்கும். நம் ஊர்க் கடைகளிலும் ஒரே பம்பை 'டென்டல்' என்றும் 'கார்பென்டர்' என்றும் இரண்டு பெயரில் விற்கிறார்கள். காசு கொடுத்து நாற்காலியில் உட்காரும் நோயாளிக்குக் கிடைத்த அமைதி, கூலி வாங்கி நிற்கும் தொழிலாளிக்கு வந்து சேர இத்தனை பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. தொழில்நுட்பம் காத்திருக்கவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லை.

இந்த வகையில் பேர் வாங்கியது அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஏர் டூல்ஸ். அதன் 8010 என்ற மாடலில் 8 காலன் டேங்க், நிமிடத்துக்கு 1,680 சுற்று, 90 பி.எஸ்.ஐ-யில் 2.2 கன அடி காற்று, 60 டெசிபல். எடை சுமார் 22 கிலோ. பேன்கேக்கோடு ஒப்பிடுங்கள். காற்று கொஞ்சம் குறைவு, எட்டு கிலோ கூடுதல். 82-க்கும் 60-க்கும் வித்தியாசம் 22 தானே என்று தோன்றும். டெசிபல் கூட்டல் கணக்கில் போவதில்லை, மடங்குக் கணக்கில் போகிறது. 10 கூடினால் ஒலியின் திறன் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. 22 என்பது ஏறத்தாழ 150 மடங்கு. (இரண்டு நிறுவனங்களும் ஒரே தூரத்தில் அளந்திருந்தால்!) அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்வது 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை. 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. மூன்று கூடக்கூட நேரம் பாதியாகும்.

அப்படியானால் லேசு, அமைதி இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால்? அப்போது காற்று போகும். மகிட்டாவின் எம்.ஏ.சி.100.க்யூ போல 1 காலன் டேங்க் வைத்த குட்டிகள் 58 டெசிபல், 12 கிலோவுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் டேங்க் ஒரு செம்பு அளவு. இங்கே பாயில் விதி வேலை செய்கிறது, பிளஸ் டூ-வில் படித்தது ஞாபகம் இருக்கும். 6 காலன் என்பது சுமார் 23 லிட்டர். கம்ப்ரஸர் 150 பி.எஸ்.ஐ-யில் நின்று, 120-க்கு இறங்கியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 30 பி.எஸ்.ஐ என்பது இரண்டு வளிமண்டல அழுத்தம். அதாவது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே உங்களுக்குக் கிடைப்பது 23-ஐ 2-ஆல் பெருக்கி, சுமார் 46 லிட்டர் காற்று. மரச்சட்டம் அடிக்கும் பெரிய நெயில் கன் ஒரு அடிக்கு 2, 3 லிட்டர் குடிக்கும். 15, 20 ஆணி. பீடிங், ப்ளைவுட் வேலைக்கான சின்ன பிராட் கன் ஒரு அடிக்கு ஒரு லிட்டர் சுமாருக்குத்தான். 40 ஆணிக்கு மேல் போகும். 1 காலன் டேங்கில் இதையெல்லாம் ஆறால் வகுத்துவிடுங்கள்.

ஜப்பான்காரர்கள் இந்தக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். நெருக்கமான ஊர், ஒட்டி ஒட்டி வீடு, சின்ன வண்டி. டேங்கைப் பெரிதாக்காமல் அழுத்தத்தை ஏற்றினார்கள். அங்கே தச்சர்கள் உபயோகிக்கும் உயரழுத்த கம்ப்ரஸர்களில் டேங்க் அழுத்தம் 45 பார் வரை போகிறது. நாம் சாதாரணமாகப் பார்ப்பது 8, 10. சின்ன டேங்கில் நிறையக் காற்று. ஆனால் அதற்கென்று தனி ஹோஸ், தனி கன். மற்ற ஊர்ச் சாமான் அதில் மாட்டாது.

நம் பக்கம் கம்ப்ரஸர் ஒன்றும் அந்நியமில்லை. புனேயில் கிர்லோஸ்கர் நியூமேட்டிக் 1958-லும், கோயம்புத்தூரில் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் 1960-லும் ஆரம்பித்தார்கள். கோவை எல்ஜி இன்று வெளிநாட்டுக் கம்ப்ரஸர் கம்பெனிகளையே வாங்கியிருக்கிறது. ஆனால் ஒர்க்‌ஷாப், பஞ்சர் கடை, ஆலை இவைதான் இங்கே சந்தையாக இருந்தன. தச்சர்கள் கம்ப்ரஸர் தூக்க ஆரம்பித்தது அடுக்குமாடியும் மாடுலர் கிச்சனும் பெருகிய பிறகுதான்.

எங்கள் தெருவில் இன்டீரியர் வேலை செய்யும் ஒரு அண்ணன் இருக்கிறார். பழைய கம்ப்ரஸரை மாற்றப் போவதாகச் சொன்னார். ஒரு விளம்பரத் தாளை நீட்டி, "தம்பி, காலேஜ் படிக்கிறியே, இந்த டெசிபல்னா என்னன்னு கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

"ஏண்ணே, சத்தம் காதுக்கு ஒத்துக்கலையா?"

"காதா? அது பழகிப் போச்சுப்பா. ஃப்ளாட்காரங்கதான் விட மாட்டேங்கறாங்க. பத்து மணிக்கு மேல, அஞ்சு மணிக்குள்ளன்னு செக்ரட்டரி எழுதியே குடுத்துட்டாரு. பக்கத்து வீட்ல ஆன்லைன் மீட்டிங்காம்."

1976-ல் 7 மீட்டர் தூரத்திலிருந்து அளந்தார்களே, அதே தூரம்தான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதால்தான் இங்கேயும் அமைதி வாங்கப்படுகிறது. பரவாயில்லை, எப்படியோ வருகிறதே.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். அவர் அடிப்பது பெரும்பாலும் எஃப்-30 பின், பெரிய கன் இல்லை. அதனால் 22, 24 லிட்டர் டேங்க், எண்ணெய் இல்லாத இரட்டைப் பிஸ்டன் போதும். பெட்டியில் 'சைலன்ட்' என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு மோட்டார் தகட்டில் சுற்று எண்ணைப் பாருங்கள். 1,440 பக்கம் இருந்தால் அமைதி நிஜம். 2,880 என்று இருந்தால் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் வேண்டாம். குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், 90 பி.எஸ்.ஐ-யில் எத்தனை கன அடி என்று கேளுங்கள். அலுமினிய டேங்க் கிடைத்தால் சில கிலோ குறையும். சாயங்காலம் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இரும்பு டேங்க் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.

கம்ப்ரஸர் அமைதியானாலும் கன் அமைதியாகாது. ஆணி இறங்கும் அந்த ஒரு நொடிச் சத்தம் எந்தக் கம்ப்ரஸரை விடவும் கூர்மையானது, அதுவும் முகத்துக்குப் பக்கத்தில். பஞ்சு மாதிரி இருக்கும் காது அடைப்பான் ஒரு ஜோடி டீ விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னேன். அண்ணன் சிரித்துவிட்டு, "அத வச்சா பசங்க கூப்பிடறது கேக்காதுப்பா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொண்டார். 15 மீட்டர் ஹோஸ் ஒன்று வாங்கி, கம்ப்ரஸரை பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே கன்னோடு மட்டும் வேலை செய்வது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், சாத்திய கதவு இன்னும் கொஞ்சம் குறைக்கும். சின்ன கன்னுக்கு அந்த நீளத்தில் அழுத்தம் பெரிதாக விழாது. பக்கத்து வீட்டு ஜன்னல் பால்கனிப் பக்கம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அப்போது சமையலறை யூட்டிலிட்டி பக்கம் வைக்கலாம் என்று முடிவானது.